ஏழு சட்டைகளின் புழுதி

சென்னியப்பனின் மெத்தைச் சட்டையைத் துவைகல்லில் விரித்துப் போட்டு, இடது கையால் கழுத்துப் பட்டையை அழுத்திக்கொண்டு, வலது கையால் பிரஷ்ஷை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள் நவமணி. முதல் தண்ணீரில் செம்மண் போனது, இரண்டாவது தண்ணீரில் டீசல் புகையும் பூச்சிகளின் இறக்கைகளும் போயின, மூன்றாவது தண்ணீரில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒன்று கரைந்து இறங்கத் தொடங்கியது. அது ரோட்டுப் புழுதி இல்லை, சென்னியப்பனின் வயசு. இந்தத் தடவை பூடான் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார், இரண்டரை வருஷமாவது இருக்கும் என்று விரலில் தட்டுப்பட்ட வழவழப்பை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. அதில் ஒரு பங்கு விரல் இடுக்கில் ஏறி, மணிக்கட்டில் சுள்ளென்று குத்தி, முழங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் தண்ணீரோடு வழிந்து, துவைகல்லுக்குப் பின்னால் இருந்த வாழைக்குழிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னும் ஆறு பேருடைய சட்டைகள் அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தன.

கொன்றைப்பாளையத்தில் இதை யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. காங்கேயத்துக்குக் கிழக்கே, ரோட்டின் இரண்டு பக்கமும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் மில்களுமாக இருக்கிற அந்த ஊரில் காற்று எந்நேரமும் தேங்காய் வாசம் அடிக்கும், அதையும் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னியப்பனுக்கு வயது அறுபத்தொன்று. மில்லும் களமும் அவருடையவைதான் என்றாலும், மகன் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து, களத்தில் நின்றால் வெயிலில் நிற்காதீர்கள் என்றார்கள், நிழலில் உட்கார்ந்தால் உள்ளே போய்ப் படுங்கள் என்றார்கள், சோற்றில் நெய் விட்டால் சர்க்கரை எவ்வளவு என்றார்கள், பஸ்ஸில் ஏறினால் காலேஜ் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவரால் அந்த இடம் கொடுத்ததைப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் போனவர், திரும்பி வரும்போது ஆனை மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். நானூறு கிலோ எடை, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, காற்றைத் தடுக்க முன்னால் கண்ணாடி, சாய்ந்துகொள்ள முதுகு மெத்தை, பாட்டுக் கேட்க இரண்டு குழாய். தெருவில் பிள்ளைகள் அதை ஆனை வண்டி என்றார்கள், அப்புறம் ஊரே அப்படிச் சொன்னது.

இந்த வயசில் இது என்ன கிறுக்கு என்று அவர் மனைவி சௌந்தரம் கேட்டாள். அவர் துணியை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். ஓடுகிற வண்டியில் இருக்கிறவனிடம் யாரும் மாத்திரை போட்டாயா என்று கேட்க முடியாது, ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகத்துக்கு வயசு கிடையாது, மூட்டு வலிக்கிற கால் அந்த வண்டியின் மேல் ஏறிய பிறகு கால் இல்லை, வெறும் கியர் போடுகிற சாமான். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் மீசை முளைக்காதவர்கள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, அண்ணா இது எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்கள், அண்ணா என்று. அந்த ஒரு சொல்லைக் கேட்கவே அவர் கட்ச் பாலைவனம் வரைக்கும் போனார். பதினெட்டு நாள் கழித்து வந்து வாசலில் சட்டையைக் கழற்றி உதறியபோது, ஊருக்குத் தெரிந்த சென்னியப்பனை விட மூன்று வயது குறைந்த சென்னியப்பன் அங்கே நின்றார்.

ஊர் பார்த்தது, தலையை ஆட்டிக்கொண்டது, வேலையைப் பார்க்கப் போனது. முடி வெட்டுகிறவர் மையைக் கிண்ணத்தில் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்து, வந்தவருடைய மீசையைப் பார்த்ததும் அந்த மையைத் தன் மீசைக்கே தடவிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் பழைய கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த மழைக்காலத்தில் அப்பாவும் மகனும் அண்ணன் தம்பி மாதிரி ஆனார்கள், அதற்கடுத்த சித்திரையில் மகன் அண்ணன் ஆனான், அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன் சென்னியப்பனைக் காட்டி, இந்தத் தம்பிக்கு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு மாதம் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது இன்னும் ஆறு பேர் ஆனை வண்டி வாங்கியிருந்தார்கள். எல்லாரும் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள்; அதற்குக் கீழே உள்ளவர்கள் சேரக் கூடாது என்று சட்டம் போட்டு, வேழம் மன்றம் என்று பெயர் வைத்து, முதுகில் ஆனை படம் போட்ட கறுப்பு மெத்தைச் சட்டைகள் தைத்துக்கொண்டார்கள். ஜாக்கெட் என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அதனால் மெத்தைச் சட்டை என்றே பெயர் நின்றுவிட்டது.

அவர்கள் தாவாங்கட்டை ஒட்டிக்கொண்டு, இடுப்பு சிறுத்து, விசில் அடித்துக்கொண்டு வந்து இறங்க இறங்க, சட்டையைத் துவைத்த பெண்டாட்டிகள் ஒவ்வொருத்தியாக முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆறாவது மாதத்தில்தான் அவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. சௌந்தரம் உடனே புதுசாக ஒரு வாஷிங் மெசின் வாங்கிப் போட்டாள். நாலு தடவை துவைத்ததில் அதன் தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பார்க்க வந்த மெக்கானிக், இது இருபது வருஷத்து மெசின், யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். சட்டையைத் துவைக்காமலே போட்டுக்கொள்ளலாமே என்றால் அதற்கு ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அழுக்கோடு போட்டால் ஏறி இறங்கிச் சமமாகிவிடுகிறது, போய் வந்ததற்கு என்ன பலன் என்றார்கள். அப்போதுதான் ஏழு பெண்டாட்டிகளும் கூடிப் பேசி ஆள் தேடினார்கள். அப்படித்தான், பள்ளிக்கூடத்தை ஐந்தோடு நிறுத்தியவளும், லாரி டிரைவர் தனபாலின் பெண்டாட்டியும், மூன்று மாதக் கைக்குழந்தைக்காரியுமான இருபத்திரண்டு வயது நவமணி, மில்லுக்குப் பின்னால் இருக்கிற துவைகல்லுக்கு வந்து சேர்ந்தாள்.

நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சௌந்தரம் அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள், குழந்தைக்குக் களத்து ஓரத்து வேப்ப மரத்தில் தொட்டில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். முதல் மாதம் முன்நெற்றியில் ஒரு நரை வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டாவது மாதம் மார்பில் பால் வற்றியது. மூன்றாவது மாதம் வளையல்கள் மணிக்கட்டிலிருந்து தாமாகக் கழன்று அண்டாவுக்குள் விழுந்தன. ஐந்தாவது மாதம் டவுன் பஸ் கண்டக்டர் அவளுக்கு இடம் கொடுக்கச் சொல்லி ஒரு பெண்ணை எழுப்பினார். நவமணி உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெண் தன்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவள் என்று கண்டாள். அந்தப் பெண்ணோ, பிடித்துக்கொள்ளுங்க ஆத்தா, வண்டி வளைவில் திரும்பும் என்றாள்.

ஊர் இதையும் பார்த்தது, தலையை ஆட்டிக்கொண்டது. நவமணிக்கு வயசாகிவிட்டது என்று, மாரியாத்தா கோயில் கிணறு வற்றிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ரேஷன் கடையில் அவளை வரிசைக்கு முன்னால் விட்டார்கள், களத்துப் பெண்கள் அவளுக்குச் சோறு குழைவாக வடித்துக் கொடுத்தார்கள், மாட்டுத் தாவணிச் சந்தைக்குப் போன யாரோ பூண் போட்ட நல்ல கைத்தடி ஒன்று வாங்கி வந்து, வெச்சுக்க ஆத்தா என்று துவைகல்லின் மேல் சாய்த்துவிட்டுப் போனார்கள். நவமணி அந்தக் கைத்தடியைத் தள்ளி வீசினாள், வீட்டுக்குக் கிளம்பும்போது அதையே எடுத்து ஊன்ற வேண்டியிருந்தது. கல்லால் அடித்திருந்தால்கூடத் திருப்பி அடித்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விட, குழந்தை மகிழினி பேசத் தொடங்கியதுதான் அவளை வெட்டியது. நரைத்த தலையும் சுருங்கிய கையுமாகத் தன்னைத் தூக்க வருகிறவளை அது அம்மிச்சி என்றது. அம்மிச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள். தாராபுரத்திலிருந்து நவமணியின் அம்மா வந்திருந்தபோது குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையுமே அம்மிச்சி என்றுவிட்டு, அம்மா எங்கே என்று வாசலைப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது வாசலைப் பார்த்தது. அம்மாவின் மடியில் இருந்துகொண்டே அம்மாவுக்காகக் காத்திருக்கிற குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி என்று நவமணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வடக்கே லோடு மாற்றி லோடாக அலைந்து எட்டு மாதமாக வீட்டுப் பக்கமே வராத தனபால், குஜராத்திலிருந்து வந்து, வாசலில் நின்றவளிடம், எப்ப வந்தீங்க அத்தை, அவள் எங்கே என்று கேட்டான். பிறகு கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றையும், கீழ் உதட்டு மச்சத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தான். வெகுநேரம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பது வயசில் அவன் ஐம்பது மாதிரி இருந்தான், அதற்கு எந்தச் சட்டையும் துவைக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் ஓட்டுறதும் அதே ரோடுதான்," என்றான். "எனக்கு ஏறுது. அவங்களுக்கு மட்டும் ஏன் எறங்குது?"

அதற்குப் பதில் ஒரு புதன்கிழமை வந்தது, மில் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. உள்ளே ஏழு பெண்டாட்டிகளும் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஆண்கள் ஏழு பேரும் கிளம்பி ரஷ்யா வரைக்கும் போவதாக இருக்கிறது, நூறு நாள் ஆகும் என்று பேச்சு ஓடியது. வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நவமணிக்குக் காதில் கிழடு இன்னும் ஏறவில்லை என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

"ரஷ்யாச் சட்டைய இவ தாங்க மாட்டா," என்றது சௌந்தரத்தின் குரல். "வெள்ளகோயில் பக்கம் ஒரு புள்ளை இருக்குதாம், பத்தொம்பது வயசு. அப்பவே சொன்னனல்ல, சின்னதாப் பார்த்து வெச்சாத்தான் ரொம்ப நாளைக்கு வரும்."

யாரோ ஒருத்தி, பாவம் என்றாள். இன்னொருத்தி, அவரைக்காயில் புழு இருக்கிறது என்றாள். பேச்சு புழுவுக்குப் போய்விட்டது.

அப்பவே சொன்னேன் என்றாளே, அந்த அப்பவே என்கிற சொல் நவமணியின் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. வளையல் போட்டுவிட்ட அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தொட்டில் கட்டச் சொன்ன வாய்க்குத் தெரிந்திருக்கிறது. வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவள், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், அன்றைக்கு நேராக வண்டிக் கொட்டகைக்குப் போய், வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் முன்னால் நின்றாள். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயசுக்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் ஐயா என்றாள். எனக்கு இருபத்தி மூணு வயசுங்க ஐயா, புள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியலைங்க, இந்த ஒரு தடவை வேண்டாம்னு இருந்துட்டுப் போங்க என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, புரிய வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"ஏனம்மிணி, நீ சின்ன வயசை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? இதே கல்லுல தொவைச்சிட்டுத்தான் இருப்ப. என்னையப் பாரு. எனக்கு எத்தனை ரோடு பாக்கி கெடக்குது."

அவர் சொன்னது சூதாகச் சொன்னதில்லை. மனசாரச் சொன்னார். அதுதான் நவமணிக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடப் போன பிறகு, கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் அந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை மடி மாதிரி அவளை வாங்கிக்கொண்டது. கையை நீட்டிப் பிடியைப் பிடித்ததும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, கொட்டகைக் கதவும் களமும் கொப்பரையும் வேப்ப மரமும் நாலு பக்கமும் விலகி வழிவிடுகிற மாதிரி இருந்தது. பக்கத்துக் கண்ணாடிகளில் பார்த்தாள். அவற்றில் அவள் முகம் தெரியவில்லை, பின்னால் விட்டு வந்தது மட்டும்தான் தெரிந்தது. சாக வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, போய்க்கொண்டே இருக்கலாம் என்று அந்த மெத்தை சொன்னது. எதற்காகப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தால் மனசு இளகும் என்பார்கள், அவளுக்கு இறுகியது. இவ்வளவு சுகத்தையும் என் பிள்ளையின் வாயிலிருந்து அம்மா என்கிற சொல்லைப் பிடுங்கியா ஓட்டினீர்கள் என்று வண்டியின் தலையில் ஓர் அறை அறைந்துவிட்டு இறங்கினாள்.

அவள் வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தபோது சென்னியப்பன் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார். புழுக்கமாக இருந்தது. துவைக்கப் போட்டிருந்த கூடையிலிருந்து கைக்கு வந்த ஒரு அழுக்குக் கையுறையை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்தார். துடைத்த இடத்தில், காதோரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு முடி வெளுத்தது. அதே நேரம் நவமணியின் வலது கட்டைவிரலில் ஐந்து மாதமாக இருந்த குடைச்சல், விளக்கை அணைத்த மாதிரி நின்றது. அவர் வண்டிக் கண்ணாடியில் பார்த்தார், அதில் ரோடுதான் தெரிந்தது, சீட்டி அடித்துக்கொண்டு போனார். நவமணி தன் கட்டைவிரலை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தாள். இறங்கினது அவர்கள் மேல் திரும்பப் பட்டால் ஏறும். அவர்கள் மேல் ஏற ஏறத் தன்னிடமிருந்து இறங்கும். இவ்வளவுதான் கணக்கு. இதைப் படிக்க ஐந்தாம் வகுப்புகூட வேண்டியதில்லை.

மறுநாளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குழிக்குப் போனாள். அங்கே இருந்த வாழைகள் முளைத்த வாரமே குலை தள்ளி, குலை பழுப்பதற்கு முன்னால் கூன் போட்டு மண்ணில் சாய்கிறவை, அந்தப் பக்கம் கோழிகள்கூடப் போவதில்லை. வெட்ட வெட்ட, சோப்பு நுரைக்கு அடியில், களிம்பு மாதிரி சாம்பல் வண்டல் முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. சௌந்தரம் எட்டிப் பார்த்து, இந்த முடியாத காலத்திலும் சாக்கடையைச் சுத்தம் செய்கிறாயே என்று மெச்சினாள். நவமணி அதை உருண்டை பிடித்துக் களத்து ஓரத்தில் கொப்பரையோடு காயப்போட்டாள், வறட்டி அடுக்கிப் புடம் போட்டாள், பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தாள். வெள்ளை வெளேரென்று, வாயால் ஊதினால் பறக்கிற மாதிரி, இரண்டு படி தேறியது. பொய் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். இது என்ன என்று யாராவது ஒருத்தர் கேட்டால், இது உங்கள் வயசு என்று சொல்லிவிடுவது.

ஆயுத பூஜை அன்று களத்தைப் பெருக்கிச் சாணம் தெளித்து ஏழு ஆனை வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். சந்தனம், குங்குமம், விளக்குகளுக்கு மேல் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம், பொரி கடலை. மெத்தைச் சட்டையைப் போடாமல், கறுத்து இறுகின மார்பும் வேட்டியுமாக ஏழு பேரும் நின்றதைப் பார்க்க ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். திருநீற்றுத் தட்டை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. தலை முழுக்க நரைத்த சுமங்கலி கையால் எடுத்தால் போகிற வழிக்கு நல்லது என்று சௌந்தரமே நவமணியைக் கூப்பிட்டாள். தான் கற்பூரம் காட்டுவதாகச் சொன்னாள். நரைத்த சுமங்கலி, குனிந்த தலை நிமிராமல், வெள்ளைப் பொடி குவித்த தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

யாரும் கேட்கவில்லை. கற்பூரம் எரிகிற இடத்தில், தட்டில் வெள்ளையாக எதை நீட்டினாலும் கை தன்னால் நீள்கிற ஊர் அது. முதல் ஆள் மூன்று விரலால் எடுத்து நெற்றியில் இழுத்தான். இரண்டாவது ஆள் நெற்றியிலும் தோளிலும் இழுத்தான். ஒருத்தர் டாக்டர், சுகாதாரம் பார்க்கிறவர், சுண்டு விரலால் தொட்டு வைத்துக்கொண்டார். சென்னியப்பன் கடைசி. அவர் மன்றத்துக்குத் தலைவர், ரஷ்யா நூறு நாள் வழி, பார்த்துக்கொண்டிருப்பது ஊர். இரண்டு கையாலும் அள்ளி நெற்றி, மார்பு, வயிறு, இரண்டு கைகள், முதுகுக்கு எட்டின வரைக்கும் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் போடம்மிணி என்றார். நவமணி போட்டாள்.

பூஜை முடிந்து ஊரை ஒரு சுற்று வருவது வழக்கம். ஏழு வண்டிகளும் எலுமிச்சம் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பின. பஞ்சாயத்து ஆபீஸைத் தாண்டும்போது முதல் ஆளின் தலை வெளுத்ததாகச் சொன்னார்கள். கோயில் வளைவில் இரண்டு பேருக்குத் தோள் இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற பாலத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்து, எல்லாரும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஓடுகிற வரைக்கும் அந்த வண்டியை விரல் நுனியில் வைத்து ஓட்டலாம், நின்றுவிட்டால் நானூறு கிலோவையும் இரண்டு கால்கள்தான் தாங்க வேண்டும். கால்கள் தாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், மாடு படுக்கிற மாதிரி வண்டிகள் பக்கவாட்டில் சாய்ந்தன, ஓட்டினவர்கள் பாலத்துக் கட்டையில் சரிந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் மட்டும் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே நின்றார். மற்றவர்கள் எழுபது, எண்பது. அத்தனை பேர் வயசிலும் பாதியைத் தன் உடம்பில் பூசிக்கொண்ட சென்னியப்பன், எலும்பும் தோலுமாக, நூறைத் தொட்ட ஆளாக, வாய் கோணி உட்கார்ந்திருந்தார். ஆடுகள் அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

களத்தில் நவமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்டாத் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். தண்ணீர் சாம்பலாக ஓடியது. திரும்பக் கழுவினாள். மூன்றாவது தடவை தண்ணீர் தெளிந்தபோது, பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுப் பார்த்தாள், கருகருவென்று இருந்தது. ஓடவில்லை அவள். கைத்தடியை எடுத்துக்கொண்டு, அதை ஊன்றாமல் தோளில் வைத்துக்கொண்டு, பாலத்துக்கு நடந்தாள்.

சென்னியப்பன் பீளை தள்ளின கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"யாரு அம்மிணி நீ?"

"தொவைக்கிறவளுங்க ஐயா," என்றாள் நவமணி. கைத்தடியை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தாள். "இது உங்களுதுங்க. இத்தனை நாள் நான் வெச்சிருந்தேன்."

ஊர் பார்த்தது, தலையை ஆட்டிக்கொண்டது. சென்னியப்பனுக்கு வயசாகிவிட்டது என்றது. அடுத்த வாரமே ரேஷன் கடையில் அவரை முன்னால் விட்டார்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், களத்துப் பெண்கள் சோற்றைக் குழைவாக வடித்து அனுப்பினார்கள், யாரும் கெட்டவர்கள் இல்லை. கோவித்துக்கொள்ள அவருக்கு வாயில் பல் இல்லை. காலையில் அவரை இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வந்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்தின ஆனை வண்டியில் உட்கார வைக்கிறார்கள். பொழுது சாயும் வரைக்கும் அவர் பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தனக்குப் பின்னால் காய்கிற கொப்பரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மூத்திரத் துணி நனைந்தால் மட்டும் அம்மிணி என்று கூப்பிடுகிறார். நவமணி தலையைத் தூக்குவதில்லை. அதற்கு அவர் பெண்டாட்டி இருக்கிறாள்.

வேலையை அவள் விடவில்லை. அழுக்கு இப்போது வெறும் அழுக்குத்தான், எண்ணெய்ப் பிசுக்கு, வேர்வை, வேட்டிக் கறை. ஆனால் துவைகல்லின் மேல், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. அன்றைக்குத் தட்டில் மிஞ்சினது அதில் இருக்கிறது. கற்பூரம் பிடித்த கையால் சௌந்தரம் அன்றைக்குப் பொடியைத் தொடவில்லை. தான் துவைத்த காலத்தில் தன் மேல் ஏறியது போக வழிந்த மிச்சமும் அந்தக் குழியில்தான் கலந்து கிடந்தது என்பதும், தொட்டால் தன் மேலும் ஏறும் என்பதும் இப்போது அவளுக்குத் தெரியும். அதிலிருந்து அவள் கோயிலுக்குப் போவதில்லை. போனாலும், பூசாரி திருநீற்றை நீட்டும்போது இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொள்கிறாள். கோலமாவைத் தொடுவதில்லை. முகத்துக்குப் பவுடர் போடுவதில்லை. சாப்பாட்டில் உப்பைக்கூட இரண்டு தடவை முகர்ந்து பார்க்கிறாள் என்று சமையல்காரி சொல்லிச் சிரித்தாள். இதில் எதையும் நவமணி செய்யவில்லை. அவள் செய்வதெல்லாம், ஒவ்வொரு நாளும் காலையில் வேலை தொடங்குமுன் அந்த டப்பாவைத் துடைத்து, சௌந்தரத்தின் ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைப்பதுதான்.

பத்தொம்பது வயசுப் பிள்ளையைத் தேடி வெள்ளகோயிலுக்கு யாரும் போகவில்லை.

இன்றைக்குத்தான் சௌந்தரம் முதல் தடவையாகப் படி இறங்கி வந்தாள். துவைகல்லுக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. நவமணி கிழவரின் வேட்டியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள், வளையல்கள் மணிக்கட்டில் இறுக்கமாக நின்றன.

"அந்த டப்பாவை என்னதான் பண்ணப் போற நவமணி?" என்று கேட்டாள் சௌந்தரம். குரல் கெஞ்சியது. "ஒண்ணும் சொல்லாமலே வெச்சிருக்கறியே. சொல்லிப்போடு, கேட்டுக்கறேன்."

நவமணி பிழிந்த வேட்டியை உதறி விரித்தாள், ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள், டப்பாவைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தாள், வாழ்நாளில் முதல் முறையாக அந்த அம்மாளின் முகத்தை நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "அதுங்களா பெரியம்மா, அதை வந்து நான்" என்று அவள் தொடங்கவும், வேப்ப மரத்துத் தொட்டிலுக்குள் விழித்துக்கொண்ட குழந்தை, கம்பைப் பிடித்து எழுந்து நின்று, அம்மா என்று கூப்பிட்டது, அம்மா, அம்மா என்று இங்கேயே பார்த்துக் கூப்பிட்டது, அந்தச் சத்தத்துக்குச் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு, டப்பாவைக் கல்லின் மேல், மூடி திறந்தது திறந்தபடி வைத்துவிட்டு, தோ வந்துட்டேன் சாமி என்று நவமணி தொட்டிலுக்கு ஓடினாள்.